வலது கன்னம் மட்டும்

மார்த்தாண்டம் சந்தையில் முதலில் வாங்கியது
கத்தியே அல்ல.
நூற்றெண்பது ரூபாய். பிடியில் ஒரு டிராகன்.
தீட்டாத இரும்பு
கன்னத்தின் மேல் போய்
ஒரு மயிரையும் விசாரிக்காமல் திரும்பி வந்தது.

இரண்டாவதுக்குக் கேட்கத் தெரிந்திருந்தது.
கல்லில் தீட்டி முடித்ததா?
முனை கூரா, வட்டமா?
வட்டம் போதும் என்றேன்,
காது மடல் எனக்கு இன்னும் தேவைப்படுகிறது.
செட்டிக்குளத்தில் பழைய கடிகாரம் விற்கும் அல்போன்ஸ்
தன் முன்கையில் ஒரு முறை இழுத்துக் காட்டினார்.
அந்த இடம் மட்டும்
பள்ளிப் பிள்ளையின் கை போல் ஆனது.
ஆயிரத்து நானூறு. பேரம் பேச நா எழவில்லை.

தோல்வாரை விலை குறைவாகவே வாங்கினேன்.
முதல் வாரை அறுக்காதவன் இல்லை என்றார் அல்போன்ஸ்.
முதுகு முன்னே போகணும், வாய் பின்னே வரணும்,
திருப்பும்போது முதுகின் மேலேயே புரட்டணும்.
புரட்டினேன்.
மூன்றாம் நாள் வாய் முன்னே போனது.
வாரில் ஒரு நாக்கு தொங்கியது.

சோப்பு, பிரஷ், ஒரு துண்டுப் படிகாரம்,
துருவுக்குத் தேங்காய் எண்ணெய்.
குலசேகரத்து மழையில்
ஆணியே ஒரு வாரம் தாங்காது.

முதல் வாரம் வலது கன்னம் மட்டும்.
மீதி முகத்துக்குப் பழைய ரேசர்.
அவசரப்பட்டு ஒரு ஞாயிறு தாடைக்கு இறங்கி,
காகிதத் துணுக்குகள் ஒட்டிய முகத்தோடு
கோயிலில் கடைசி பெஞ்சில் நின்றேன்.
சமாதானம் சொல்லிக் கைகொடுத்தவர்கள்
என் மனைவியை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

லில்லிபுஷ்பம் பால்வெட்டுக்காரி.
விடியுமுன் நெற்றியில் விளக்கு கட்டி
முந்நூறு மரம் ஏறி இறங்கும் சரிவு அவளுடையது.
கத்தியைத் தட்டினாற்போல் வைத்து
பட்டையில் ஒரு நூல் கனம் சீவுவாள்.
ஆழம் போனால் மரத்துக்குக் காயம்,
காயம் பட்ட மரம் முடிச்சு போடும்,
முடிச்சுக்கு மேல் அடுத்த வருசம் கத்தி ஓடாது.
ஒட்டுபால் மணக்கும் கையால்
என் தாடையைத் திருப்பிப் பார்த்துச் சொன்னாள்:
"இது முடிச்சு போட்ட மரமாக்கும்."

நீ ஒரு தரம் வழித்து விடேன் என்றேன்.
"எனக்கு முந்நூறு மரம் கெடக்கு.
ஒம்ம மூஞ்சி முந்நூத்தி ஒண்ணா?"

பிறகு மழை பிடித்தது.
நாலு நாள் சிரட்டைகள் கவிழ்ந்தே கிடந்தன.
ஐந்தாம் நாள் காலை
நான் வெந்நீர்த் துணியை முகத்திலிருந்து எடுத்தபோது
கத்தி அவள் கையில் இருந்தது.
ஒன்றும் பேசவில்லை.
நகத்தில் வாயை வைத்துப் பார்த்தாள்.
இடது காதோரத் தோலைப் பெருவிரலால் மேலே இழுத்து
முதுகு தோலை விட்டுக் கொஞ்சமே எழும்ப
வைத்தாள்.
அழுத்தவில்லை. கத்தி தன் கனத்திலேயே போனது.
உலர்ந்த வாழைச்சருகை
யாரோ மெல்லக் கிழிப்பது போல் ஒரு சத்தம்.
நான் மூச்சை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

கன்னம் முடிந்தது. தாடை வளைவில் நின்று
மயிர் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று
விரலால் தடவிப் பார்த்தாள்.
கழுத்தில் அது சுழன்று படுத்திருக்கிறதாம்.
நாற்பத்தியோரு வருசமாய்ச் சுமக்கிறேன்,
எனக்குத் தெரியாது.

கத்தியைத் துடைத்துக் கையில் தந்தாள்.
"மத்த பக்கம் ஒம்ம பக்கம்."

வலதில் படிகாரம் மூன்று இடத்தில் கடித்தது.
இடதில் வெறும் குளிர்ச்சி.
ஓட்டில் மழை கொஞ்சம் தளர்ந்தது போலிருந்தது.
அவள் வாசலுக்குப் போய்
மேற்கே வானத்தைப் பார்த்தாள்.
நாளை வெயில் அடித்தால்
நான் மட்டும்தான்,
கண்ணாடியும்.